நுங்குத் தோலை உரிக்கலாமா, கேப்சூல் வாங்கலாமா?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். கணவருக்கு வயது 46, எடை 78 கிலோ. மூன்று வருடமாகச் சர்க்கரை, மெட்பார்மின் எடுக்கிறார். போன மாதம் ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு, கிரேடு 1 என்று வந்தது. கல்லீரல் என்சைம்களான எஸ்ஜிபிடி 68, எஸ்ஜிஓடி 44, பிளேட்லெட் 2.4 லட்சம். மது பழக்கம் கிடையாது. அலுவலக நண்பர் சொன்னார் என்று ஒரு பாட்டில் கேப்சூலை ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறார். ‘பாம் ஃப்ரூட் எக்ஸ்ட்ராக்ட் 500 மி.கி., ஆன்டிஆக்சிடன்ட், கல்லீரலைக் காக்கும்’ என்று போட்டிருக்கிறது, நாளுக்கு ஒன்று. மாமியாரோ, “பனைதானே, ஸ்டேஷன் வாசலில் தாட்கோளா என்று நுங்கு விற்கிறான், அதையே தோலோடு தின்னட்டும்” என்கிறார். தோலோடு சாப்பிட்டால் எனக்கு வயிறு வலிக்கிறது. ஆடி மாதம் உடன்குடிப் பக்கத்து உறவினர்கள் பனம்பழம் அனுப்புவார்கள். நுங்கு, பழம், கேப்சூல் இதில் எதைக் கொடுப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கேப்சூலை ஒதுக்கி வைத்துவிட்டு ரிப்போர்ட்டைப் பார்ப்போம். நீங்கள் கொடுத்த எண்களைக் கொண்டே கல்லீரலில் தழும்பு விழுந்திருக்க வாய்ப்பு உண்டா என்று ஓரளவு கணக்குப் போட முடியும். டாக்டர்கள் இதை ஃபிப்-4 என்பார்கள். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள்: 46 × 44 = 2024. பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில் எடுத்து (240), எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் (68-க்கு ஏறக்குறைய 8.25) பெருக்கினால் 1980. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 1.02 வருகிறது. 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு என்று பொருள். மேலே போயிருந்தால் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்லியிருப்பார்கள். சர்க்கரை உள்ளவர் என்பதால் இந்தக் கணக்கை வருடம் ஒருமுறையாவது டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். இப்போதைக்குப் பதற்றத்தில் எதையாவது வாங்கி விழுங்க வேண்டிய கட்டம் இதுவல்ல.

இனி பனைக்கு வருவோம். உங்கள் மாமியார் சொன்னதில் பாதி சரி. நுங்கில் ஆன்டிஆக்சிடன்ட் என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் அந்த மஞ்சள் பழுப்புத் தோலில்தான் இருக்கிறது. நாக்கில் பட்டதும் துவர்க்கிறதே, அந்தத் துவர்ப்புதான் டானின். பாலிபினால் என்ற தாவரப் பொருள்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. உள்ளே இருக்கும் வெள்ளைச் சதை 100 கிராமில் ஏறக்குறைய 90 கிராம் தண்ணீர். மிச்சத்தில் கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் கேலக்டோமன்னன் என்ற வழுவழுப்பான நார். தாகத்துக்கு அதைவிட நல்ல பண்டம் குறைவு. ஆனால் தோலை உரித்து, வெள்ளை வெளேரென்று ஐஸ் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சாப்பிட்டுவிட்டு, ஆன்டிஆக்சிடன்ட் சேர்ந்தது என்று நினைப்பதில் அர்த்தமில்லை.

மாமியார் சொல்லாமல் விட்டது, எந்தத் தோல் என்பது. இளநுங்கின் தோல் மெல்லியது. பல்லில் பட்டதும் கரைகிற மாதிரி இருக்கும். அதைச் சதையோடு சாப்பிடலாம். நுங்கு முற்ற முற்றத் தோல் தடித்துச் சக்கையாகும். உள்ளே இருக்கும் நாரின் அமைப்பும் மாறும்: தண்ணீரில் கரைகிற கேலக்டோமன்னன் படிப்படியாக ‘மன்னன்’ என்ற கரையாத நாராகி இறுகும். ஊரில் ‘கடுக்காய்’ என்று ஒதுக்குவது இந்தப் பதத்தைத்தான். குடல் அதைச் செரிக்காது. அதோடு தடித்த தோலின் டானினும் சேர்ந்தால் வயிறு பிடித்துக்கொள்ளும், சிலருக்கு மலமும் கட்டும். உங்கள் வயிற்று வலிக்குக் காரணம் பெரும்பாலும் நுங்கின் பதமாகத்தான் இருக்கும். தோல்மேல் பழியைப் போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை வாங்கும்போது ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். அமுங்கி, உள்ளே நீர் தளும்புவது தெரிந்தால் இளசு. தோலுக்கு மேலேயே கெட்டியாகத் தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள். டஜன் கணக்கில் வாங்கும்போது முற்றியதைக் கலந்து போடுவது சகஜம்; பொறுக்கி எடுப்பதைக் கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

மும்பையில் இன்னொரு சிக்கல் உண்டு. பால்கர், வசை பக்கத்திலிருந்து வரும் காய்களைப் பெரும்பாலும் வெட்டி, கண்களை மட்டும் எடுத்துக் கூடையில் பரப்பித்தான் விற்கிறார்கள். நம் ஊரில்போல் காயை நம் கண்முன் சீவி, விரலை விட்டு நோண்டித் தின்ன வழியில்லை. வெட்டி எடுத்த நுங்கு ஏப்ரல் வெயிலில் சில மணி நேரத்தில் கெடத் தொடங்கும். வெளிர் சிவப்பு நிறம் ஓடியிருந்தாலோ, கை வைத்தால் பிசுபிசுத்தாலோ, புளித்த வாடை வந்தாலோ வாங்கக் கூடாது. தோல் உரித்துத் தண்ணீரில் போட்டு வைத்ததைத் தவிர்ப்பதே நல்லது. அந்தத் தண்ணீர் எங்கே பிடித்தது என்பது நமக்குத் தெரியாது. தோலோடு வாங்கி, வீட்டில் குடிக்கும் தண்ணீரில் இரண்டு முறை அலசி, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். அன்றைக்கோ மறுநாளோ தீர்த்துவிடுங்கள். உரித்து வைத்தால் பழுப்பாகும். பாலிபினால் காற்றோடு சேர்ந்து நொதியால் நிறம் மாறுவதுதான் அது. ஆக, எந்தப் பொருளுக்காக வாங்கினீர்களோ அதுதான் முதலில் போகிறது.

உங்கள் கணவருக்கு அளவு: மாலை நான்கு மணிக்கு நாலைந்து கண், சுமார் 150 கிராம். மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்த்து 15 கிராமைத் தாண்டாது. இதை டீயும் பிஸ்கட்டும் எடுக்கும் வேளைக்குப் பதிலாகக் கொடுங்கள். பிஸ்கட்டுக்குப் பிறகு நுங்கும் என்றால் ஒரு பலனும் இல்லை. நுங்கு சர்பத், ரோஸ் மில்க்கில் நுங்கு, இளநீரும் சர்க்கரையும் போட்ட நுங்குப் பாயசம் எல்லாம் வேறு கணக்கு. அவற்றில் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை என்பது சாதாரணம், 25 கிராம் அங்கேயே ஏறிவிடும். டானின் உணவில் உள்ள இரும்புச் சத்தை உடலில் சேரவிடாமல் பிடித்துவைக்கும். வீட்டில் யாருக்காவது ரத்தசோகை இருந்து இரும்பு மாத்திரை எடுத்தால், தோலோடு நுங்கு சாப்பிடுவதற்கும் மாத்திரைக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சிறுநீரகம் பழுதாகித் தண்ணீரையும் பொட்டாசியத்தையும் அளந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். வேர்க்குருவுக்கு நுங்கு நீரைத் தடவுவது கேட்டிருப்பீர்கள். குளிர்ச்சி தரும், கெடுதல் இல்லை, அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

பனம்பழம் தனிக் கதை. நுங்காக வெட்டாமல் விட்ட காய் பழுத்தால் கிடைப்பது. இங்கே நாம் சாப்பிடுவது விதையைச் சுற்றியுள்ள நாரும் சாறும். அதன் ஆரஞ்சு நிறம் கரோட்டினாய்டு. பீட்டா கரோட்டின் அதில் அடக்கம். நுங்கின் வெள்ளைச் சதையில் இல்லாத ஒன்று. அதோடு அந்தக் காறலான கசப்பு, ஃபிளபெல்லிஃபெரின் என்ற சபோனின் வகைக் கசப்புப் பொருள்களால் வருவது. பனையின் தாவரப் பெயரிலிருந்தே வந்த பெயர். இலங்கை ஆய்வாளர்கள் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். எலிகளின் சிறுகுடல் சர்க்கரையை உறிஞ்சுவதை இது குறைத்தது என்பது அவர்கள் கண்டவற்றில் ஒன்று. இதை வைத்துக்கொண்டு ‘பனம்பழம் சர்க்கரைக்கு நல்லது’ என்று கிளம்பிவிடுவார்கள். எலிக்குக் கொடுத்தது பிரித்தெடுத்த சபோனின். உங்கள் கணவர் சாப்பிடப்போவது சர்க்கரை நிறைந்த கூழ். நுங்கைவிடப் பல மடங்கு இனிப்பு அதில் உண்டு.

கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எப்படி என்பதுதான் விஷயம். பழத்தின் கறுப்புத் தோலை உரித்து, கொட்டைகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்துப் பிசைந்து, துருவியிலோ துளையுள்ள வடிதட்டிலோ தேய்த்தால் கூழ் இறங்கும். தண்ணீர் அதிகமானால் பிறகு வற்றவைக்க நேரமாகும், நிறமும் மங்கும். கூழை மெல்லிய வேட்டித் துணியில் கட்டி மூன்று நான்கு மணி நேரம் தொங்கவிடுங்கள். வங்காளிகள் தால் என்று அழைக்கும் பனம்பழத்துக்குச் செய்வது இதுதான். வடியும் நீரோடு கசப்பில் ஒரு பகுதி போய்விடும். மும்பை ஈரப்பதத்தில் வெளியே தொங்கவிட்டால் புளித்துவிடும். ஃபிரிட்ஜுக்குள் ஒரு பாத்திரத்தின் மேல் கட்டிவிடுங்கள். பிறகு அடி கனமான பாத்திரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் கிளறிக் கொதிக்கவைத்து, ஆறியதும் 50 கிராம் அளவில் சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் வையுங்கள். கரோட்டினாய்டு கொதிக்கவைப்பதில் பெரிதாக அழியாது. வெயிலும் காற்றும்தான் அதற்கு எதிரி. பாயில் பரப்பி வெயிலில் காயவைக்கிற பனாட்டு ருசிக்கு நல்லது, நிறச்சத்துக்கு அல்ல.

கரோட்டினாய்டு கொழுப்போடு சேர்ந்தால்தான் குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏறும். எனவே 50 கிராம் கூழை வறுத்த அரிசி மாவும் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலும் சேர்த்து, வெல்லமோ கருப்பட்டியோ போடாமல், ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டையாகக் கொடுங்கள். உங்கள் ஊர்க்காரர்களுக்கு ஓலைக் கொழுக்கட்டை தெரியாமல் இருக்காது. இரண்டு கொழுக்கட்டை, அன்றைய காலை இட்லிக்குப் பதிலாக. எண்ணெயில் பொரித்த பனங்காய்ப் பணியாரம் நாக்குக்குத்தான். கொழுப்பேறிய கல்லீரலுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கருப்பட்டி பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும்: சர்க்கரை சர்க்கரைதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பனையிலிருந்து வருவதெல்லாம் கல்லீரலைக் காக்கும் என்ற நினைப்புக்கு நேர்மாறான ஒன்றும் பதிவாகியிருக்கிறது. 1971-லேயே இலங்கையில் பனங்கிழங்கு மாவை எலிகளுக்குத் தீனியாகக் கொடுத்துப் பார்த்தபோது கல்லீரல் பாதிக்கப்பட்டது. அவித்துச் சாப்பிடும் கிழங்கைப் பற்றி அஞ்ச வேண்டாம். ‘இயற்கை’ என்ற பெயரில் வேகவைக்காத கிழங்குப் பொடியைக் கஞ்சியில் கலக்கிக் குடிக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

சரி, கேப்சூல். அந்த லேபிளில் எனக்கு முதலில் இடிப்பது ‘பாம் ஃப்ரூட்’ என்ற சொல். பனையும் பாம், எண்ணெய்ப் பனையும் பாம், பேரீச்சையும் பாம், அமேசான் காட்டின் அசாயும் பாம். ஒவ்வொன்றிலும் இருக்கும் பொருள் வேறு. எண்ணெய்ப் பனையின் பழத்தில் கரோட்டினும் டோக்கோட்ரையினால் என்ற வைட்டமின் ஈ வகையும். அசாயில் நாவல்பழம்போல் ஊதா நிறம் தரும் ஆந்தோசயனின். பேரீச்சையில் பாலிபினாலோடு நூற்றுக்கு அறுபதுக்கும் மேல் சர்க்கரை. ஒன்றில் நடந்த ஆய்வைக் காட்டி இன்னொன்றை விற்பது மிகச் சுலபம். பாட்டிலில் தாவரப் பெயரைத் தேடுங்கள். போராசஸ் ஃபிளபெல்லிஃபர் என்றிருந்தால் நம் பனை, எலேயிஸ் கினீன்சிஸ் என்றால் எண்ணெய்ப் பனை, யூட்டர்பே ஒலரேசியா என்றால் அசாய். தாவரப் பெயரே இல்லையென்றால் அங்கேயே விட்டுவிடலாம். (எண்ணெய்ப் பனை என்றதும் கடையில் கிடைக்கும் பாமாயிலை நினைக்காதீர்கள். சுத்திகரிக்கும்போது சிவப்பு போய்விடுகிறது, கரோட்டினும் அதோடு போகிறது.)

அடுத்து ‘ஆன்டிஆக்சிடன்ட்’. ஆய்வுக்கூடத்தில் இதை அளக்கும் வழக்கமான முறை டிபிபிஎச். அடர் ஊதா நிறக் கரைசலில் பழச்சாற்றை விட்டால், சாறு ஹைட்ரஜனைக் கொடுத்து ஊதாவை மஞ்சளாக்கும். எவ்வளவு வெளுத்தது என்பதைக் கருவியில் படித்தால் அதுதான் ‘ஆற்றல்’. நுங்குத் தோல் சாறு இதில் நன்றாகவே வெளுக்கவைக்கும். கெட்டியான டீ டிகாக்ஷனும் அதே வேலையைச் செய்யும். குழாயில் நடப்பது உடலில் அப்படியே நடப்பதில்லை. டானின் பெரிய மூலக்கூறு; பெரும்பகுதி குடலைத் தாண்டாது, குடல் பாக்டீரியா உடைத்த துண்டுகள்தான் கொஞ்சம் உள்ளே போகும். ஆப்பிள் சாப்பிட்டவர்கள் ரத்தத்தின் ஆன்டிஆக்சிடன்ட் அளவு கூடியதைப் பிரித்துப் பார்த்தபோது, அது ஆப்பிளின் பாலிபினாலால் வந்ததல்ல, பழச்சர்க்கரை உயர்த்திவிட்ட யூரிக் ஆசிட்டால் வந்தது என்று 2004-ல் எழுதினார்கள். இந்தக் குழாய் அளவுகளை உணவு வியாபாரிகள் விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி, அமெரிக்க வேளாண் துறை, உணவுகளின் ஆன்டிஆக்சிடன்ட் அளவுகளைத் தந்த தன் ஒராக் பட்டியலையே 2012-ல் இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. லேபிளில் இன்னும் ‘ஒராக்’ எண் போட்டிருந்தால், அது எத்தனை பழைய சரக்கு என்று புரிந்துகொள்ளுங்கள்.

‘கல்லீரலைக் காக்கும்’ என்பதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் எலிச் சோதனை. எலிக்கு முன்கூட்டிச் சாற்றைக் கொடுத்து, பிறகு பாராசிட்டமாலையோ கார்பன் டெட்ராகுளோரைடையோ பெரிய அளவில் கொடுத்துக் கல்லீரலைக் கெடுத்து, சாறு குடித்த எலிக்கு எஸ்ஜிபிடி எவ்வளவு குறைவாக ஏறியது என்று பார்ப்பார்கள். விஷத்தால் ஒரே நாளில் வரும் கேடும், பத்து வருடமாகத் தொப்பையோடும் இன்சுலின் எதிர்ப்போடும் வந்த கொழுப்பும் ஒன்றல்ல. அளவையும் பாருங்கள். இந்தச் சோதனைகளில் எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 200 மி.கி. சாறு என்பது வழக்கமான அளவு. எலி அளவை மனித அளவாக்க 6.2-ஆல் வகுக்க வேண்டும்: 32 மி.கி. உங்கள் கணவரின் 78 கிலோவுக்கு நாளைக்கு இரண்டரை கிராம், அதாவது அந்தக் கேப்சூலில் ஐந்து. பாட்டில் சொல்வது ஒன்று. சோதனை உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் விற்பது அதில் ஐந்தில் ஒரு பங்கு.

‘அப்படியானால் ஐந்து போடட்டும்’ என்று அவர் சொல்லக்கூடும். அதற்குத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உணவில் நல்லதாக இருந்தது, செறிவாக்கிய மாத்திரையில் கெட்டதாக மாறிய வரலாறு உண்டு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 20 மி.கி. பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று நினைத்தது 18 சதவீதம் கூடியது. 1994-ல் அந்த முடிவு வெளியானது. அமெரிக்காவில் இதேபோன்ற இன்னொரு ஆய்வை 1996-ல் பாதியில் நிறுத்தினார்கள். கல்லீரலுக்கே வருவோம்: கிரீன் டீ கோப்பையில் குடித்தால் கவலையில்லை, அதன் சாற்றை மாத்திரையாக்கி அதிலுள்ள முக்கியப் பாலிபினாலான ஈஜிசிஜி நாளைக்கு 800 மி.கி. சேரும் அளவுக்கு எடுத்தால் கல்லீரல் என்சைம் ஏறுகிறது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. மும்பையிலேயே, கொரோனாக் காலத்தில் சீந்தில் எடுத்துக்கொண்ட ஆறு பேருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை இங்குள்ள மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. இரு தரப்பும் வாதாடட்டும். ஏற்கெனவே எஸ்ஜிபிடி 68 இருக்கும் ஒருவருக்கு அந்த வாதத்தில் சோதனைப் பொருளாக நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

உணவுத் துணைப்பொருள் என்ற வகையில் விற்கும் எதற்கும் 14 இலக்க உணவு உரிம எண் இருக்க வேண்டும், மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல என்ற வாசகமும் இருக்க வேண்டும். நோயைக் குணமாக்கும் என்று போடக் கூடாது. பாட்டிலின் முன்பக்கம் ‘கல்லீரலைக் காக்கும்’, பின்பக்கம் பொடி எழுத்தில் ‘மருந்தல்ல’ என்று இரண்டும் இருந்தால், உங்கள் கணவரை இரண்டையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வாதம் அங்கேயே முடியலாம்.

கிரேடு 1 கொழுப்பு குறைய வேண்டுமென்றால் எடை இறங்க வேண்டும். 78 கிலோவில் 5 சதவீதம், அதாவது நாலு கிலோ குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். அழற்சியும் அடங்க 7 முதல் 10 சதவீதம், ஐந்தரை முதல் எட்டு கிலோ. ஆறு மாதத்தில் எட்டக்கூடியதுதான். ராத்திரிச் சாதத்தைப் பாதியாக்கி, வடா பாவையும் கேனில் வரும் ஜூஸையும் நிறுத்தி, நாளைக்கு 40 நிமிடம் வேகமாக நடந்தால் போதும். அந்த ஜூஸ் இடத்தில்தான் நுங்கு வந்து உட்கார வேண்டும் என்கிறேன். பாலிபினால் வேண்டுமென்ற ஆசை தீரவில்லையென்றால் பில்டர் காபி இருக்கிறது: காபி குடிப்பவர்களிடம் கல்லீரல் தழும்பு குறைவாகக் காணப்படுகிறது என்பது பல நாட்டுக் கணக்கெடுப்புகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. நாளைக்கு இரண்டு டம்ளர், சர்க்கரை போடாமல். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நல்ல பொடிக்கா பஞ்சம்?

மூன்று மாதம் கழித்து எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி, பிளேட்லெட், மூன்று மாதச் சர்க்கரை நான்கையும் ஒரே நாளில் எடுங்கள். ஒருவேளை அவர் உங்களுக்குத் தெரியாமல் கேப்சூலை ஏற்கெனவே தொடங்கியிருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள், பாட்டிலைத் தூக்கி எறிய வேண்டாம். அடுத்த முறை டாக்டரிடம் அதைக் கையோடு எடுத்துப் போங்கள். சிறுநீர் டீ நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுவது இவற்றில் ஒன்று தென்பட்டாலும் மூன்று மாதம் வரை காத்திருக்காமல் அன்றே போக வேண்டும்.